வேப் கடையை விழுங்கியது யார்?

மில் வாசலில் இரண்டு நிமிஷம் கிடைத்தால் பீடி பற்றவைக்கும் தோழருக்கு 'வேப்' என்ற பெயர் புதிதாயிருக்கலாம். நிகோடின் கலந்த திரவத்தை பாட்டரியால் சூடாக்கி, அந்த ஆவியை உறிஞ்சும் குழல் அது. நம் நாட்டில் அதன் விற்பனை 2019-ம் வருஷத்துச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. பிரிட்டனிலோ அது கடைத்தெருவுக்குக் கடைத்தெரு பகிரங்கமாக விற்கிறது. அந்தக் கடைகளின் கதையைக் கேளுங்கள்.

பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன் இக்கடைகளைத் திறந்தவர்களில் பலர் சின்ன மனிதர்கள். தாங்களே சிகரெட்டை விட்டு இதற்கு மாறியவர்கள். வருகிறவரை உட்கார வைத்து, கம்பிச்சுருளை மாற்றக் கற்றுக்கொடுத்து, எவ்வளவு நிகோடின் போதும் என்று பேசி விற்றார்கள். 2017 மே மாதம் புது விதிகள் முழு அமலுக்கு வந்தன. நிகோடின் புட்டி 10 மில்லிக்கு மேல் கூடாது. மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் கூடாது. ஒவ்வொரு சரக்கையும் சர்க்காருக்கு அறிவித்துக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டுப்பாடு வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடைக்குள்ளேயே திரவம் கலந்து விற்றவன் அந்தச் செலவைத் தாங்குவானா? பெரிய கம்பெனிக்கு அது காப்பிச் செலவு!

அதற்குப் பின் வந்ததுதான் பெரிய அடி. 2021 முதல், உறிஞ்சித் தீர்ந்ததும் தூக்கி எறியும் குழல்கள் சீனாவின் ஷென்ஜென் நகரத் தொழிற்சாலைகளிலிருந்து வந்து குவிந்தன. விலை ஐந்தாறு பவுன். மாம்பழ வாசனை, தர்ப்பூசணி வாசனை, மிட்டாய் நிறம்! விற்பதற்கு எந்த ஞானமும் தேவையில்லை. பெட்ரோல் பங்க், பெரிய அங்காடி, போன் ரிப்பேர் கடை என எங்கும் விற்றது. பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் போயிற்று. பழ வாசனைக் குழலை உள்நாட்டில் விற்கக் கூடாதென்று சீனா 2022 அக்டோபரில் தடுத்தது, ஏற்றுமதியைத் தடுக்கவில்லை. தன் பிள்ளைக்கு ஆகாதது ஊரான் பிள்ளைக்கு ஆகுமாம்! பிரிட்டனில் வாரத்துக்குச் சுமார் 50 லட்சம் குழல்கள், உள்ளிருக்கும் லித்தியம் பாட்டரியோடு, குப்பைக்குப் போவதாக 2023-ல் கணக்கிட்டார்கள்.

2025 ஜூன் 1-ல் அவற்றைத் தடை செய்தார்கள். கம்பெனிகள் அழுதனவா? இல்லை. அதே பெயர், அதே நிறம். சார்ஜ் ஏற்ற ஒரு துவாரமும் மாற்றிப் போட ஒரு குப்பியும் சேர்த்து மறுபடி கடைக்கு அனுப்பிவிட்டன. 2026 அக்டோபர் முதல் 10 மில்லி திரவத்துக்கு 2 பவுன் 20 பென்ஸ் தீர்வை என்றும் அறிவித்தார்கள். அதைக் கொடுக்கப் போவது உறிஞ்சுகிற தொழிலாளிதான்.

சிகரெட் விற்றுக் கொழுத்தவர்களும் கைகட்டி நிற்கவில்லை. பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோவுக்கு 'வியூஸ்', இம்பீரியலுக்கு 'புளூ'. அமெரிக்காவில் மார்ல்பரோ முதலாளியான ஆல்ட்ரியா, 2018-ல் 1,280 கோடி டாலர் கொட்டி 'ஜூல்' கம்பெனியில் 35 சதவீதம் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டது. சுட்டாலும் விடவில்லை, 2023-ல் வேறொரு வேப் கம்பெனியையே வாங்கிவிட்டது. நோயையும் விற்பார்கள், மாற்று மருந்து என்று சொல்லி அடுத்ததையும் விற்பார்கள்!

சிகரெட்டை விட முடியாதவருக்கு இது தீமை குறைந்தது என்றுதான் அங்குள்ள டாக்டர்கள் சொல்கிறார்கள். தீமையே இல்லை என்று சொல்லவில்லை. 2023-ல் 10 லட்சம் புகைப்பவர்களுக்கு இக்குழலைக் கொடுக்க அந்தச் சர்க்காரே திட்டம் போட்டது. ஆகவே நமது சண்டை குழலோடு அல்ல.

இங்கே நிலைமை என்ன? வேப் விற்றால் முதல் குற்றத்துக்கே ஒரு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். சிகரெட்டோ ராஜபாட்டையில் போகிறது. சிகரெட் உற்பத்தியில் முதலிடம் வகிக்கும் ஐ.டி.சி.யில் மிகப் பெரிய பங்குதாரர் அதே பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோ. நம் பிரீமியப் பணத்தை வைத்திருக்கும் எல்.ஐ.சி.க்கும் அதில் பங்குண்டு. ஒளித்து விற்றுப் பிடிபடும் பெட்டிக்கடைக்காரனுக்கு அந்த ஒரு லட்சம் ஆயுள் சேமிப்பு. கப்பலில் இறக்கியவனுக்கு அது ஒரு பெட்டிச் சரக்கு. இருவருக்கும் ஒரே அபராதம் எழுதிய சர்க்கார், சிகரெட் பங்கை எப்போது கைவிடப் போகிறது என்று சொல்லட்டும்.