‘மயக்கம்’ என்னும் ஒரே சொல்

“டாக்டர், மயக்கமா வருது.” இச்சொல்லை மட்டும் கொண்டு எந்த மருத்துவராலும் நோயை அறிய இயலாது. கண் இருண்டு விழப்போவதும் மயக்கம். சுவர் சுழல்வதும் மயக்கம். பசிச் சோர்வும் நம் பேச்சில் மயக்கமே. இவற்றுள் சுழற்சியே பெரும்பாலும் உள்காதைச் சுட்டுவது.

பலர் உடனே ஸ்கேன் எடுக்கக் கேட்கின்றனர். தேவையான இடத்தில் ஸ்கேன் வேண்டியதே. ஆயினும் உள்காதுச் சமநிலைக் கோளாறுகளுள் மிகப் பரவலானது அதில் தெரிவதில்லை. படுக்கையில் புரளும்போதோ, பரணை அண்ணாந்து பார்க்கும்போதோ உலகம் சுழன்று ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், காதின் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கக்கூடும். கட்டிலில் படுக்கவைத்துச் செய்யும் எளிய சோதனையால் இதனை உறுதிசெய்யலாம். தலையை முறைப்படி திருப்பித் துகள்களை வெளியேற்ற, அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி வகுத்த முறைக்குச் சில நிமிடங்களே போதும். அதை விடுத்து மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவது வீண் என்பது என் கருத்து. அது தரும் தூக்கக் கலக்கத்தில் முதியோர் விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் உண்டு.

சுழற்சி மணிக்கணக்கில் நீடித்து, ஒரு காதில் இரைச்சலும் அடைப்பும் கேள்விக்குறைவும் சேர்ந்தால் மெனியர் நோயை ஐயுறுவோம். நாள்கணக்கில் ஓயாதிருந்தால் சமநிலை நரம்பின் அழற்சியாகலாம். ஆகவே எவ்வளவு நேரம், எதனால் தூண்டப்பட்டது, உடன் வந்தது என்ன என்பவற்றைக் குறித்து வாருங்கள். சுழலும்போது கண்கள் துடிப்பதை உடனிருப்பவர் கைப்பேசியில் படம்பிடித்தால் மிகவும் உதவும்.

வியன்னாவில் ராபர்ட் பாரானி, காதைக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றும் காரணம் புரியாதிருந்தார். நீர் போதிய வெதுவெதுப்பின்றி இருந்தால்தான் சுற்றுகிறது என அவருக்குச் சொன்னவர் ஒரு நோயாளியே! அதைப் பின்தொடர்ந்த ஆய்வுக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. புறநோயாளிப் பிரிவின் நெரிசலைக் காட்டி நோயாளியை இடைமறிக்கும் வழக்கத்தை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கவும் சங்கு குளிக்கவும் மூழ்குவோர்க்கும் இது பொருந்தும். ஒரு காதை அழுக்கு அடைத்திருக்க, மறு காதில் மட்டும் குளிர்ந்த நீர் புகுந்தால் கடலடியிலேயே தலை சுற்றும். மேல் எது, கீழ் எது எனத் தெரியாது. மேலேறும்போது சுற்றினால், இரு காதுகளின் அழுத்தம் ஒத்துப்போகாமை காரணமாகலாம். எப்போது சுற்றியது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். காதைக் காட்டாமல் மீண்டும் மூழ்காதீர்கள்.

சுழற்சியுடன் பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி, நிற்கவே இயலாமை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது குறிப்பெழுதிக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.