கேம் செய்ய ஒரே கூரை வேண்டியதில்லை

வீட்டிலிருந்தபடி கணக்கு எழுதலாம், இணையதளம் கட்டலாம், ஆனால் பெரிய வீடியோ கேம் செய்ய முடியாது என்ற பேச்சு இந்தத் துறையில் ஊறிப்போயிருக்கிறது. 'ஜிடிஏ 6' கேம் முடிவுக் கட்டத்தை நெருங்கியபோது, 2024 ஏப்ரலிலிருந்து வாரத்துக்கு ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்று ஊழியர்களிடம் சொன்னது அதை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனம். வேலைத்திறன், பாதுகாப்பு என இரண்டு காரணங்கள் சொன்னார்கள். அதிலிருந்து அந்தப் பேச்சுக்குக் கனம் கூடிவிட்டது. சொன்னவர்கள் பெரியவர்கள் என்பதற்காக அது உண்மையாகிவிடாது.

முதலில் பாதுகாப்பு. 2022 செப்டம்பரில் ஜிடிஏ 6 காட்சிகள் கசிந்தன. ஊடுருவியவர் நிறுவனத்தின் ஸ்லாக் அரட்டைக்குள் நுழைந்திருந்தார். அலுவலகத்தில் இருப்பவர்கள் பக்கத்து மேசைக்காரரோடும் அதே ஸ்லாக்கில்தான் பேசுகிறார்கள். அதற்கும் முன்னால், வீட்டிலிருந்து வேலை இவ்வளவு பரவாத 2003-இல், வால்வ் நிறுவனத்தின் வலையமைப்புக்குள் புகுந்து 'ஹாஃப்-லைஃப் 2' மூல நிரலையே திருடிவிட்டார்கள். இரண்டு இடத்திலும் காவல் தளர்ந்திருந்தது உள்நுழைவு அனுமதிகளில்தான். நாற்காலி எங்கே கிடந்தது என்பதற்கும் திருட்டுக்கும் தொடர்பில்லை.

'ஒரே அறையில் இருந்தால்தான் குழு' என்பது அடுத்த வாதம். ராக்ஸ்டாருக்கே எடின்பரோ, நியூயார்க், சான் டியாகோ, டொரன்டோ, பெங்களூரு என்று ஊர் ஊராக ஸ்டுடியோக்கள். பெங்களூரு ஆர்ட்டிஸ்ட் எடின்பரோ அனிமேட்டரிடம் பேச வேண்டுமானால் அலுவலகத்திலும் வீடியோ அழைப்புதான். அந்த அழைப்புக்காக அவர் பெங்களூரு நெரிசலில் தினமும் இரண்டு முறை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

கற்பனை வறண்டுவிடும் என்கிறார்கள். 'கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்' 1999-இல் ஒரு 'மாட்' (mod, ஏற்கெனவே உள்ள கேமை மாற்றிச் செய்த வடிவம்) ஆகப் பிறந்தபோது அதன் இரு கர்த்தாக்களில் ஒருவர் கனடாவில், மற்றவர் அமெரிக்காவில். 'ஹேட்ஸ்' 2020 செப்டம்பரில் முழு வடிவம் பெறுவதற்கு முந்தைய மாதங்களில் அதைச் செய்த சூப்பர்ஜயன்ட் குழு அவரவர் வீட்டில் இருந்தது. அடுத்த ஆண்டு அதற்கு பாஃப்டாவின் சிறந்த கேம் விருது.

அலுவலகமே வேண்டும் என்பவர்கள் சொல்வதில் கவனித்துக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கேமின் 'ஃபீல்' தூரத்திலிருந்து பிடிபடாது என்பது அது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்கு ஆயுள் சுமார் 16.7 மில்லிநொடி. அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து இணையம் வழியே இயக்கினால், பொத்தானை அழுத்திய செய்தி அங்கே போய், படம் சுருங்கி, திரும்பி வந்து விரிவதற்குள் பல ஃபிரேம்கள் கடந்துவிடும். அதைப் பார்த்து 'தாவல் மந்தமாக இருக்கிறது' என்று ஒருவர் எண்களை மாற்றினால் கேம் கெட்டே போகும். ஆனால் இந்தக் குறைக்கு மருந்து இருக்கிறது. அன்றைய பில்டை (கேமின் அன்றைய வடிவத்தை) அவரவர் கணினியிலேயே இறக்கி ஆட வேண்டும். கன்சோல் டெவ்கிட் (கேம் உருவாக்குபவர்களுக்கான கன்சோல்) வீட்டுக்கே போக வேண்டும். தாவலையே உயிராகக் கொண்ட 'ஓரி அண்ட் த பிளைண்ட் ஃபாரஸ்ட்' (2015), உலகெங்கும் சிதறியிருந்த மூன் ஸ்டுடியோஸ் குழுவின் கையில்தான் உருவானது.

கோப்புச் சிக்கலையும் சொல்ல வேண்டும். நிரலை இருவர் திருத்தினால் வரி வரியாக இணைத்துவிடலாம். லெவல் கோப்பையோ 3டி மாடலையோ அப்படி இணைக்க முடியாது. எனவே கோப்புகளை நிர்வகிக்கும் பர்ஃபோர்ஸ் மென்பொருளில் அப்படிப்பட்ட கோப்பை ஒருவர் எடுத்தால் மற்றவர்களுக்குப் பூட்டு. பூட்டியவர் வேறு நாட்டில் தூங்கப் போய்விட்டால், அந்த லெவலுக்கு விளக்கமைப்பவரின் ஒரு நாள் வீண். அலுவலகம் என்றால் எழுந்துபோய், "அந்த ஃபைலைக் கொஞ்சம் விடுப்பா" என்று கேட்டு வாங்கிவிடலாம். உண்மைதான். ஆனால் முந்நூறு பேர் வேலை செய்யும் தளத்தில் யாரைத் தேடிப் போய்க் கேட்பது? லெவலைப் பிரித்து வைப்பதுதான் வழி. அன்ரியல் எஞ்சின் 5 ஒவ்வொரு பொருளையும் தனிக் கோப்பாகச் சேமிக்கவே வசதி தருகிறது. அருகில் இருப்பது பல கோளாறுகளை வெளியே தெரியாமல் மூடி வைக்கிறது. தூரம் அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. காட்டிக்கொடுத்ததற்காகத் தூரத்தின் மேலேயே பழி விழுகிறது.

வீட்டிலிருந்தால் கேம் தாமதமாகும் என்ற வாதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1997-இல் அறிவித்த 'டியூக் நியூகம் ஃபாரெவர்' 2011-இல்தான் வந்தது. அந்தத் தாமதத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்ததைக் காரணம் காட்ட யாராலும் முடியாது.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்ற கவலை மட்டும் எனக்கும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சீனியர் 'பக்'கை (நிரல் பிழையை) துரத்துவதைப் பார்ப்பது பெரிய படிப்பு. அதைத் திரையில் கொடுக்க வேண்டுமென்றால் சீனியரின் நேரத்தில் ஒரு பங்கை அதற்கென்றே ஒதுக்க வேண்டும். அட்டவணையில் அது வேலையாகவே இடம்பெற வேண்டும். தினம் ஒரு மணி நேரம் திரையைப் பகிர்ந்து இருவரும் ஒரே 'பக்'கைத் தேடட்டும். சந்தேகத்தைத் தனி அரட்டையில் கேட்காமல் பொதுச் சேனலில் கேட்கப் பழக்கினால், பதில் அடுத்து வருபவருக்கும் கிடைக்கும். அந்த நேரத்தை ஒதுக்க மனமில்லாத ஸ்டுடியோவில், புதியவர் சீனியருக்கு அடுத்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாலும் ஹெட்போன் மாட்டிய ஒரு முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.