வாசலைத் தாண்டியதும் குரைக்கும் நாய்



மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில் நாயும் ஓர் அங்கமாகிவிட்டது. ஊரில் தோட்டத்தையும் தொழுவத்தையும் காத்து நின்ற நாய்க்கு எவரும் பயிற்சி அளித்ததில்லை. அது குரைத்தால், நன்றாய்க் காவல் காக்கிறது என்று மகிழ்ந்தோம். இங்கோ நிலைமை வேறு. வீட்டுக்குள் ஆட்டுக்குட்டியைப் போல் படுத்திருக்கும் நாய், கயிற்றைப் பிடித்து வெளியே அழைத்துச் சென்றதும், எதிரே வரும் மனிதர், மிதிவண்டி, தெருநாய் யாவற்றையும் பார்த்துக் குரைக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்து அழுகிறது. சொசைட்டியில் புகார் எழுகிறது. வீட்டுக்காரர், நாய் வேண்டுமா வீடு வேண்டுமா என்று கேட்கிறார். சிலர் இரவோடு இரவாக நாயைத் தொலைவிலுள்ள தெருவில் விட்டுவிட்டு வருகிறார்கள். காலையில் பிள்ளைகள் கண்ணீரோடு பள்ளிக்குச் செல்கிறார்கள். அந்த நிலைக்கு வருமுன் நாம் செய்யத்தக்கது என்ன என்று இம்மாதம் சிந்திப்போம்.

குரைப்பது நாயின் குற்றமன்று. ஏசாயா 56:10-இல் தீர்க்கதரிசி குறைகூறுவது குரைக்கமாட்டாத நாய்களைத்தான் அல்லவா? குரைத்தல் தேவன் அதற்குக் கொடுத்த மொழி. அம்மொழியில் அது என்ன சொல்லுகிறது என்று அறிவதே முதற்படி. வெளியே குரைக்கும் நாய்களில் பல, கோபத்தினால் அல்ல, பயத்தினாலேயே குரைக்கின்றன. மனிதச் செவி ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். நாயின் செவியோ 40,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும். நமக்குப் பழகிப்போன நகரத்து இரைச்சல் அதற்குப் பெரும் நெருக்கம். பிறந்து 3 வாரம் முதல் ஏறத்தாழ 14 வாரம் வரையிலான பருவத்தில் பலவகை மனிதரையும் ஓசைகளையும் காணாமல் வளர்ந்த குட்டி, பிற்காலத்தில் புதியவை எதற்கும் அஞ்சும். வேறு சில நாய்கள், ஓடிச்சென்று விளையாட முடியாதபடி கயிறு தடுப்பதால் குரைக்கும். இன்னும் சில, நாள் முழுதும் கட்டிக்கிடந்த சலிப்பைக் குரைத்துத் தீர்க்கும்.

மற்றொரு காரணமும் உண்டு. பால்கனியில் நிற்கும் நாய் தபால்காரரைக் கண்டு குரைக்கிறது. அவர் தம் வேலையை முடித்துப் போய்விடுகிறார். நாயோ, தன் குரலுக்கு அஞ்சியே அவர் போனார் என்று எண்ணிக்கொள்கிறது! தினந்தோறும் அதற்கு வெற்றி கிடைப்பதால் பழக்கம் வேரூன்றுகிறது. ஆகையால் தெரு தெரியும் இடத்தில் நாயைத் தனியே விடாதிருங்கள். பால்கனிக் கதவைச் சாத்துங்கள்.

நாய் குரைக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? சத்தமிடுகிறோம், கயிற்றைச் சுண்டி இழுக்கிறோம், சிலர் அடிக்கிறார்கள். நம் சத்தம், நாமும் சேர்ந்து குரைப்பதாகவே அதற்குத் தோன்றலாம். எதிரே ஒருவர் வரும்போதெல்லாம் அடி விழுந்தால், மனிதர் வந்தால் வலி வரும் என்றே அது கற்கும்; முன்னிலும் அதிகமாய் அஞ்சும். வாயை இறுகக் கட்டுவதோ ஆபத்து. நாய் நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும்.

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ் நாய்களின் ஜீரணத்தை ஆராய்ந்தவர். 1904-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். உணவு வருவதற்கு முன்னரே, அதன் அறிகுறிகளைக் கண்டவுடனே நாய்களுக்கு உமிழ்நீர் சுரந்ததை அவர் கவனித்தார். ஒன்றன்பின் ஒன்றாக வருபவற்றை நாயின் மனம் இணைத்துக்கொள்கிறது. நம் பயிற்சிக்கும் இதுவே அடிப்படை.

முதலாவது, வீட்டுக்குள் ஒரு சொல்லைப் பழக்குங்கள். "சபாஷ்" என்று சொல்லி, உடனே பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டைக் கொடுங்கள். உப்பும் மசாலாவும் வேண்டாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பின்பு அவ்வாறே, "வா" என்றதும் உங்களிடம் திரும்பப் பழக்குங்கள். அப்பா ஒரு சொல், அம்மா ஒரு சொல், பிள்ளைகள் வேறொரு சொல் என்றிருந்தால் நாய் குழம்பும். வீடு முழுவதும் ஒரே சொல்லில் இசைந்திருக்கட்டும்.

இரண்டாவது, படிப்படியாக வெளியே வாருங்கள். வீட்டில் கற்றதை மாடிப்படியிலும், பின்பு ஆளில்லாத வேளையில் குடியிருப்பின் வளாகத்திலும், கடைசியாகத் தெருவிலும் பழக்குங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். கழுத்துப்பட்டையைவிட, மார்பைச் சுற்றிக் கட்டும் வார் நல்லது.

மூன்றாவது, தூரத்தைக் கவனியுங்கள். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். எதிரே வருபவரை நாய் பார்க்கிறது, ஆனால் இன்னும் குரைக்கவில்லை என்னும் தூரம் ஒன்று உண்டு. அது 10 அடியாகவும் இருக்கலாம், 50 அடியாகவும் இருக்கலாம். அங்கேயே நில்லுங்கள். அது பார்த்தவுடன் "சபாஷ்" என்று சொல்லி உணவு கொடுங்கள். "அந்நியர் வந்தால் நன்மை வரும்" என்று அது கற்கட்டும். சில நாட்களில், அந்நியரைக் கண்டதும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அப்பொழுது இரண்டடி நெருங்கலாம். குரைத்துவிட்டால் கோபிக்க வேண்டாம்; மிக அருகில் வந்துவிட்டோம் என்று பொருள். "வா" என்று அமைதியாய்த் திரும்பி நடங்கள். ஒவ்வொரு முறையும் 5 அல்லது 10 நிமிடம் போதும். பலன் காணச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

உங்கள் கவனத்தையோ தின்பண்டத்தையோ நாடிக் குரைக்கும் நாயானால், அதைப் பொருட்படுத்தாதிருங்கள். முதலில் குரைப்பு இன்னும் அதிகரிக்கும், பிறகே குறையும். நடுவில் மனமிரங்கிக் கொடுத்துவிட்டால், இன்னும் நெடுநேரம் குரைக்கவேண்டும் என்றே அது கற்கும். இதுவரை அமைதியாயிருந்த நாய் திடீரெனக் குரைக்கத் தொடங்கினால், வலியோ நோயோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் தவறாமல் போடுங்கள்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, எப்போதும் கட்டிவைத்திருக்கும் நாய்க்கு நடைப்பயிற்சி கொடாதிருப்பதும், பசிதாகத்தால் வருந்தும்படி அதைக் கைவிடுவதும் குற்றம். குரைப்பதைக் காரணம் காட்டிக் குடியிருப்போர் சங்கம் வளர்ப்புநாய்க்குத் தடைவிதிக்கலாகாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே வழிகாட்டுதல், விசேஷமாக இரவு வேளையில் நாய் அமைதியாயிருக்க எல்லா முயற்சியும் செய்யும்படி வளர்ப்போரையும் கேட்டுக்கொள்கிறது. நமக்குள்ள உரிமையை மட்டும் பேசி, கடமையை மறந்துவிடலாமா?

நம் அயலார் பலருக்கு நம் மொழி தெரியாது. நம் சபையும் தெரியாது. நம் வீட்டு நாயின் குரல் மட்டும் நன்றாகத் தெரியும்! ஞாயிறு ஆராதனைக்கு வேதாகமத்தோடு புறப்படும் குடும்பத்தை அவர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால் புகார் வருமுன் நீங்களே கதவைத் தட்டி, "நாய்க்குப் பயிற்சி கொடுத்துவருகிறோம்; சில வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். அவர்கள் மொழியில் நான்கு வார்த்தை சொன்னாலும் போதும். அந்த ஒரு தாழ்மை அநேக சண்டைகளைத் தவிர்க்கும்.

நீதிமான் தன் மிருகஜீவனின்மேல் கரிசனையுள்ளவன் என்று நீதிமொழிகள் 12:10 நமக்குப் போதிக்கிறது. யாக்கோபு 3-ஆம் அதிகாரமோ, எல்லாவித மிருகங்களையும் மனிதன் அடக்கியிருக்கிறான், தன் நாவையோ அடக்க முடியவில்லை என்று உணர்த்துகிறது. தெருவில் நாய் குரைக்கும்போது, கயிற்றின் மறுமுனையில் நிற்கும் நம் நாவும் சோதிக்கப்படுகிறது. அடிக்காமல், சத்தமிடாமல், நீடிய பொறுமையோடு ஒரு வாயில்லா ஜீவனைப் பழக்குவதைக் காணும் நம் பிள்ளைகள், தங்களையும் நாம் அப்படியே நடத்துவோம் என்னும் நம்பிக்கையைப் பெறுவார்கள். அத்தகைய பொறுமையைக் கர்த்தர் நம் இல்லங்கள் யாவற்றிலும் பெருகச் செய்வாராக. ஆமென்.