வில்லேந்திய சாமியும் கருத்த மானும்

ஊரும் உயிரும் - வாராந்தரத் தொடர்

திருவேட்டக்குடி சாமிக்கு வருஷத்தில் ஒரு நாள் வேறு வேஷம். மற்ற நாளெல்லாம் திருமேனியழகராகக் கோயிலுக்குள் இருப்பவர், மாசி மகத்தன்று கையில் வில்லோடு வேடனாகப் புறப்பட்டுவிடுவார். அம்மனும் வேட்டுவப் பெண்ணாகக் கூடவே வருவார். காடு மலை எதற்கும் போவதில்லை. நேராகக் கிழக்கே, மண்டபத்தூர் கடற்கரைக்கு! அங்கே தீர்த்தவாரி. வரவேற்கிறவர்கள் கடலோர மீனவ மக்கள்.

காரைக்காலிலிருந்து பூம்புகார் போகும் சாலையில் இருக்கிற சின்ன ஊர். திருஞானசம்பந்தர் பாடிய தலம். இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் என்.ஐ.டி. இருக்கிற ஊர் என்பார்கள். அர்ச்சுனனுக்குப் பாசுபதம் கொடுக்க சிவன் வேடனாக வந்ததால்தான் வேட்டக்குடி என்கிறது தல வரலாறு. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பன்றி, இரண்டு அம்பு, 'நான் அடித்தேன், நீ அடித்தாய்' என்று சண்டை, கடைசியில் வரம்.

இதில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. சிவன் வழக்கமாகக் கையில் ஏந்தியிருப்பது மானை. அதே சாமி இங்கே ஏந்தியிருப்பது வில்லை. மானுக்கு அடைக்கலம் கொடுத்த கைக்கும் வேட்டைக்காரனின் கைக்கும் இடையில் எவ்வளவு தூரம்? இந்தக் கடற்கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே போனால் அதற்கு ஓரளவு விடை கிடைக்கிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் தாண்டினால் கோடியக்கரை. டெல்டா கடற்கரையில் நிஜமான மான்கள் நிஜமாகத் துள்ளுகிற இடம் அதுதான்.

அங்கே இரண்டு வகை உண்டு. காட்டு மர நிழலில் புள்ளிமான். வெட்டவெளிப் புல்தரையில் வெளிமான். வெளியில் திரிவதால் வெளிமான். திருகுமான் என்றும் சொல்வதுண்டு. ஆங்கிலத்தில் பிளாக்பக். புள்ளிமானின் கொம்பு கிளை விட்டு வளரும், விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளை விடாது, விழாது. திருகு திருகாக முறுக்கிக்கொண்டே போகும். குட்டியிலும் இளவயதிலும் ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பு நிறம். மூன்று வயது வாக்கில்தான் ஆண் கருக்க ஆரம்பிக்கும். வடக்கே மை போலக் கருக்கும் என்றால், நம் பக்கத்தில் பெரும்பாலும் அடர்ந்த காப்பிக்கொட்டை நிறத்தோடு நின்றுவிடும். கொம்பும் வடக்கத்தி மான் அளவுக்கு நீளாது. ஆனாலும் முதிர்ந்த கலை ஒன்று புல்வெளி நடுவில் மூக்கை வானத்துக்குத் தூக்கி, காதைத் தொங்கவிட்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு நடந்து வரும்போது பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் பட்டு வேட்டி கட்டிய மாமா நடப்பது மாதிரியே இருக்கும்.

இந்த முதிர்ந்த கலைதான் வேட்டைக்காரர்களின் கண்ணை எப்போதும் உறுத்தியது. உலகம் முழுக்க அப்படித்தான்.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களான மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா பக்கம் வெள்ளைவால் மான் என்று ஒன்று உண்டு. அங்கே அதை வேட்டையாடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. லைசென்ஸ், சீசன் எல்லாம் இருக்கிறது. இளம் மானை யாரும் அடித்துவிடலாம். நாலைந்து வயது தாண்டிய கிழட்டுக் கலை கையில் சிக்குவதுதான் கஷ்டம். பல சீசன் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுப் பிழைத்ததாயிற்றே! பகலில் வெளியே தலைகாட்டாது. சதுப்பு நிலத்தின் நடுவில், நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஒரு சின்ன மேட்டைப் பிடித்துக்கொள்ளும். காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி படுக்கும். பின்னால் வருகிறவனை மூக்கு காட்டிக்கொடுக்கும், முன்னால் வருகிறவனைக் கண் பார்த்துக்கொள்ளும்.

அதனால் வேட்டைக்காரர்கள் முதலில் பார்ப்பது மானை அல்ல, காற்றை. காற்று தன் முகத்தில் அடிக்கிற பக்கமாக மட்டுமே போவார்கள். இடுப்பளவு தண்ணீரில் நடந்தோ சின்னத் தோணியிலோ விடியுமுன் போய், மரத்தில் கட்டிய பரணில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஓக் மரத்துக் கொட்டை உதிர்கிற இடம், மான் காலால் மண்ணைப் பறித்து வாசனை வைத்த இடம், கொம்பைத் தேய்த்த மரப்பட்டை, இவையெல்லாம் துப்பு. ஒரே பரணில் அடுத்தடுத்த நாள் உட்கார மாட்டார்கள். மனித வாடை ஊறிவிட்டால் அந்தக் கலை திரும்ப அங்கே வராது. இணை தேடும் பருவத்தில்தான் அதற்குப் புத்தி தடுமாறும். அப்போது இரண்டு பழைய கொம்புகளை ஒன்றோடொன்று மோதிச் சத்தம் எழுப்புவார்கள். 'நம் இடத்தில் யாரோ சண்டை போடுகிறார்கள்' என்று அது தானாக வந்து நிற்கும்.

கொம்புச் சத்தத்தில் ஏமாற்றும் இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. நம் ஆட்கள் சத்தத்தை அல்ல, மானையே வைத்து மானைப் பிடித்தார்கள். பழக்கிய ஆண் வெளிமானின் கொம்பில் வலையைச் சுற்றி, காட்டு மான் காவல் காக்கும் இடத்தில் விடுவார்கள். அந்த இடத்துக் கலை சும்மா இருக்குமா? மோதும். மோதியவுடன் அதன் கொம்பு வலையில் சிக்கும். அக்பர் காலத்து அயினி அக்பரியில் இந்த முறை எழுதப்பட்டிருக்கிறது.

தமிழில் அதற்கும் முந்தியது உண்டு. சங்க காலத்தில் இப்படிப் பழக்கி வைத்த விலங்குக்குப் 'பார்வை' என்று பெயர். புறநானூற்றில் வீரை வெளியனார் காட்டும் ஒரு வீட்டு முற்றம் மறக்க முடியாதது. கொடி படர்ந்த நிழலில் வேட்டுவன் அசந்து தூங்குகிறான். வீட்டில் கட்டி வைத்த பார்வை மான் ஒரு பெண் மான். காட்டிலிருந்து தனியாக வந்த ஒரு கலை அதோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறது. வேட்டுவன் மனைவி பார்க்கிறாள். நியாயமாக என்ன செய்ய வேண்டும்? 'எழுந்திருங்க, மான் வந்திருக்கு' என்று எழுப்ப வேண்டும். ராத்திரிச் சோறே வாசலில் வந்து நிற்கிறதே! அவள் அசையவே இல்லை. சத்தம் போட்டால் கணவன் தூக்கம் கலையும், கலை தன் ஜோடியை விட்டு ஓடும் என்று அப்படியே நிற்கிறாள். அவள் நிற்கிற தைரியத்தில், மான் தோலில் காயப்போட்ட தினையைக் காட்டுக்கோழியும் காடையும் கொத்தித் தின்கின்றன. வேட்டைத் தொழில் செய்த வீட்டில் ஒரு பெண், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு, இப்படி ஒரு முடிவு எடுத்திருக்கிறாள்.

சரி, கோடியக்கரை மாதிரி மரமே இல்லாத புல்வெளியில் பரண் எங்கே கட்டுவது? வெளிமானுக்குக் கண்தான் முதல் ஆயுதம். அரை மைல் தொலைவில் ஆள் நடந்தாலே கூட்டத்தில் ஒரு பெண் மான் தலை தூக்கும். ஒன்று துள்ளினால் எல்லாம் துள்ளும். பிறகு மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகம். அந்தக் கால வேட்டைக்காரர்கள் இதற்குக் கண்ட வழி மாட்டுவண்டி. வயல் ஓரத்தில் தினமும் பார்த்துப் பழகிய மாட்டுவண்டிக்கு மான் பயப்படாது. வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நடப்பார்கள். நேராக மானை நோக்கிப் போகாமல், எங்கோ போகிறவர்கள் மாதிரி வளைந்து வளைந்து போவார்கள். சிவிங்கிப் புலியைப் பழக்கி வேட்டையாடிய ராஜாக்களும் அதை வண்டியில் ஏற்றித்தான் மான் கூட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனார்கள்.

இவ்வளவு தந்திரம் தேவைப்பட்ட காலம் வரை மானும் தாக்குப்பிடித்தது. ஜீப்பும் ஹெட்லைட்டும் ரைபிளும் வந்த பிறகு தந்திரமே தேவைப்படவில்லை. ராத்திரியில் வெளிச்சத்தைக் கண்ணில் அடித்தால் மான் திகைத்து நிற்கும். இந்தியச் சமவெளிகளில் கூட்டம் கூட்டமாக இருந்த வெளிமான்கள் பல மாவட்டங்களில் பெயரளவுக்குக்கூட மிஞ்சவில்லை. அதைத் துரத்திய சிவிங்கிப் புலி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-ல் அறிவிக்கப்பட்டது.

பெரிய கொம்பை மட்டும் குறிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மிசிசிப்பியே உதாரணம். இளம் மான்களைக் காப்பாற்றலாம் என்று 1995-ல் அங்கே ஒரு விதி போட்டார்கள்: கொம்பில் குறைந்தது நாலு முனை இருந்தால்தான் சுடலாம். நல்ல எண்ணம்தான். நடந்தது வேறு. இளவயதிலேயே நல்ல கொம்பு வளர்ந்த மான்கள்தான் முதலில் சுடப்பட்டன. கொம்பு சுமாரானவை தப்பித்து முதிர்ந்தன. சில வருஷங்களில் முதிர்ந்த மான்களின் கொம்பு அளவு குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். பிறகு விதியை மாற்றினார்கள்.

ஆனாலும் அமெரிக்கர்களுக்கு ஒரு பாராட்டு சேர வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்பு அழிவின் விளிம்பில் இருந்த வெள்ளைவால் மான் இன்று கோடிக்கணக்கில் இருக்கிறது. துப்பாக்கி, தோட்டா மீதான வரிப் பணத்தை வனவிலங்குகளுக்கே செலவழிக்க வேண்டும் என்று 1937-ல் சட்டம் போட்டதும் அதற்கு ஒரு காரணம். நாம் போனது வேறு பாதை. வேட்டையையே நிறுத்தினோம். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியோடு சேர்ந்து! கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. கோடியக்கரை அதற்கு முன்பே, 1967-ல் சரணாலயம் ஆகிவிட்டது.

சட்டம் துப்பாக்கியை நிறுத்தலாம். மற்றதை? கோடியக்கரை மான்களுக்கு வெளியே போக வழியில்லை. இரண்டு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளமும் சதுப்பும். 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் சேற்றில் மாட்டிக்கொண்டது இந்தக் கோடியக்கரைச் சதுப்பில்தான். உள்ளே சீமைக்கருவேலம் புல்வெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறது. வீட்டில் இருந்து விடப்பட்டுக் காட்டுத்தனமாகிப்போன குதிரைகள் அதே புல்லை மேய்கின்றன. தெரு நாய்கள் குட்டிகளைப் பிடிக்கின்றன. கோடையில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. வனத்துறைத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்ப வேண்டியிருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. டெல்டாவில் விழுந்த தென்னைகளைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அதில் தப்பில்லை, ஒரு தலைமுறைச் சோறு அது. ஆனால் அடுத்த நாட்களில் காரைக்கால் கடற்கரையில் மான்களின் உடல்கள் ஒதுங்கின. கோடியக்கரையிலிருந்து அலை அடித்துக்கொண்டு வந்தவை. வேடனாக வரும் சாமி வருஷா வருஷம் நீராட வருகிற அதே கடல்.

பிழைத்த மான்கள் மறுபடி குட்டி போட்டன. கருத்த கலைகள் மறுபடி இடம் பிடித்து நிற்கின்றன. ஒரு கலை தன் இடத்தைக் காத்து நிற்பது சில வாரமோ சில மாதமோதான். பிறகு இன்னொன்று மோதித் துரத்திவிடும். தோற்றது போய் ஆண் மான் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். ஒன்றிரண்டு வலுத்த கலைகளைப் புயலோ நாயோ கொண்டுபோனாலும் அந்த இடத்தில் நிற்க வேறு கலைகள் வேண்டும். அதற்குப் புல்வெளி வேண்டும்.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்போ, மாலை நாலு மணிக்கு மேலோ போகலாம். கோடியக்கரையில் ராமர் பாதம் என்ற மேடு இருக்கிறது. ஒரு மாய மானைத் துரத்திப் போனதால் இவ்வளவு தூரம் அலைய நேர்ந்த ராமரின் பாதம் மான்கள் மேயும் காட்டில் இருப்பது என்ன பொருத்தமோ! அந்த மேட்டில் ஏறி நின்றால் சுற்றிலும் தெரியும். வேட்டைக்காரர்களின் பாடம் இங்கே அப்படியே உதவும். மாலையில் காற்று கடலிலிருந்து வரும், ஆகவே மான் இருக்கும் இடத்துக்கு மேற்கே நில்லுங்கள். நேராக அதை நோக்கி நடக்காதீர்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம், போனைச் சைலன்ட்டில் போடுங்கள். பிள்ளைகள் கத்தினால் திட்டாமல், அந்த முற்றத்துப் பெண் கதையைச் சொல்லிப் பாருங்கள். கருத்த கலை தலை தூக்கி உங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேயக் குனிந்தால் நீங்கள் சரியான தூரத்தில் நிற்கிறீர்கள். தலை குனியாமல் முன்காலை உதைத்தால் இரண்டடி பின்வாங்குங்கள்.