கணினிக் கடிகாரத்தை நம்பலாமா?

பத்து நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள் என்று கணினிக்குக் கட்டளையிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் இரண்டரை லட்சம் வரிகள்! வெப்பமானியைச் சரிபார்த்தீர்களா என்று கேட்டால் சான்றிதழை நீட்டுவார்கள். கடிகாரத்தை? "அதான் கம்ப்யூட்டர்லயே இருக்கே" என்று பதில் வரும்.

அதில் இருப்பது என்னவோ கைக்கடிகாரத்தில் உள்ள அதே குவார்ட்ஸ் படிகம்தான். நொடிக்கு 32,768 முறை அதிரும். பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை சர்வசாதாரணம். கணக்குப் போட்டால் நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஏறக்குறைய 52 நொடி. கணினி இயங்கும்போது நேரத்தை எண்ணுவது வேறொரு படிகம். அதன் லட்சணமும் கிட்டத்தட்ட இதுவே.

52 நொடியில் என்ன குடிமுழுகிவிடும் என்கிறீர்களா? 1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைக் கணினி சுமார் 100 மணி நேரமாக அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. படிகம் அங்கே குற்றவாளி அல்ல. பத்தில் ஒரு நொடியை இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாமல் நறுக்கியதில், பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 நொடி ஆகிவிட்டது. அதற்குள் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். பேட்ரியாட் தேடியது தவறான இடத்தில். 28 வீரர்கள் இறந்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், நீண்ட நேரம் ஓட்டினால் சிக்கல் வரும் என்று நான்கு நாள் முன்பே எச்சரிக்கை போயிருந்தது. நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி என்றுதான் யாரும் சொல்லவில்லை! திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

இணையத்தோடு இணைத்துவிட்டால் என்.டி.பி. தானாகத் திருத்திவிடுமே என்பார்கள். திருத்தும், ஆனால் எப்படி? வித்தியாசம் சிறிதாக இருந்தால் மெல்ல இழுக்கும். பெரிதானால் ஒரே தாவல். கடிகாரம் பின்னால் தாவினால் ஒரே நேரத்தில் இரண்டு அளவீடுகள் பதிவாகும். இது ரொக்க ஏட்டை அழித்து எழுதி வங்கி அறிக்கையோடு ஒத்துப்போக வைப்பது போன்றது. வணிகவியலில் இதற்குத் தேர்வில் முட்டைதான் கிடைக்கும்; அங்கே வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று தனியாக ஒன்று உண்டு. அறிவியல்காரர்களுக்கும் அது வேண்டும். அளவீடு முடியும்வரை கடிகாரத்தைத் தொடாதீர்கள். தினமும் ஒருமுறை சரியான நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் தனிக்கோப்பில் எழுதுங்கள். சீராக விலகிய கடிகாரத்தின் பிழையைப் பின்னால் கழித்துவிடலாம். நடுவில் தாவியதென்றால், எந்த வரியில் தாவியது என்றே இரண்டரை லட்சம் வரிகளில் தேட வேண்டும்.