தலைதட்டி ஒரு கரண்டி

ஒரகடம் கூட்டுச்சாலைக்குச் சற்று உள்ளே, நண்பர் ஒருவர் குடியிருக்கும் மாடி அறையில் மாதத்திற்கொருமுறை கூடி நூல்களைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். கீழ்வீட்டில் ஓர் இளம் குடும்பம். கணவனும் மனைவியும் இருவேறு தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்பவர்கள். நான்கு மாதக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்தப் பெண்ணின் தாயார் வந்திருக்கிறார். சில மாதங்களுக்கு முன் நாங்கள் கூடியிருந்தபோது அந்த அம்மாள் பால்பொடி டப்பா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். "தம்பி, நீங்கள்லாம் படிச்சவங்க. இத எப்படிக் கலக்கணும்னு இதுலயே போட்டிருக்காமே, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

டப்பாவின்மேல் ஆங்கிலம் இருந்தது, இந்தி இருந்தது, தமிழ் இல்லை. எங்களில் ஒருவர் உரக்கப் படித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினார். 'லெவல் ஸ்கூப்' என்ற இடத்தில் தடுக்கி, 'மட்டமான கரண்டி' என்றார். அம்மாள் சிரித்துவிட்டார். "தலைதட்டிப் போடணும்னு சொல்லுங்க" என்று அவரே திருத்தினார். பிறகு சற்றுத் தயங்கி, "நான் அவ்வளவு போடறதில்ல தம்பி. ஒரு டப்பா ஒரு வாரம்கூட வர மாட்டேங்குது. ஒரு கரண்டி குறைச்சுத்தான் கலக்கறேன்" என்றார்.

அதன்பின் அன்று நூல்களைப் பற்றிப் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. ஒரு பச்சைக் குழந்தையின் உடல்நலத்தைத் தீர்மானிக்கும் சில வரிகள் அக்குழந்தைக்குப் பால் கலக்குபவருக்குப் புரியாத மொழியில் அச்சிடப்பட்டிருக்கின்றன. மொழியின்மேல் பற்றுக்கொண்டவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம் இதனை ஒரு மொழிப் பிரச்சினையாக ஒருபோதும் கருதியதில்லை. இக்கட்டுரை அந்தக் குறையைப் பற்றியது.

அம்மாள் செய்தது கஞ்சத்தனமன்று. 400 கிராம் டப்பா, தாய்ப்பாலின்றிப் பால்பொடியையே நம்பியிருக்கும் மூன்று நான்கு மாதக் குழந்தைக்கு ஒரு வாரம்கூட வராது என்பது வெறும் கணக்கு. ஆயினும் நீர் கூடிய பாலால் வயிறு நிரம்புமே தவிரச் சத்துச் சேராது. குழந்தை அழாமல் உறங்கும், எடை கூடாது. மாறாக, பொடியை அள்ளிக் குவித்துப் போட்டால் பால் செறிந்து மலச்சிக்கலும் நீரிழப்பும் உண்டாகும். எனவே கரண்டியின் அளவு என்பது ருசியைப் பொறுத்த விஷயமன்று.

பலரும் அறியாத இன்னொன்றும் உண்டு. பால்பொடி கிருமி நீக்கப்பட்ட பொருளன்று. க்ரோனோபாக்டர் எனும் நுண்ணுயிரும் சால்மொனெல்லாவும் அதில் அரிதாக இருக்கக்கூடும் என்பதாலேயே, 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனமும் அதைக் கலக்கும் முறைக்கென்று தனியே வழிகாட்டி வெளியிட்டன. 2022-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆலையொன்றிலிருந்து சென்ற பால்பொடிகளைத் திரும்பப்பெற நேர்ந்ததும் இக்கிருமி பற்றிய ஐயத்தினால்தான். மூடிய டப்பா என்பதனால் உள்ளே இருப்பது தூயது என்று எண்ணுவது பிழை.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழும். தாய்ப்பால் இருக்கப் பால்பொடியைப் பற்றி எழுதுவானேன், இது மறைமுகமான விளம்பரம் ஆகாதா என்று நண்பர்கள் சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானது, அதற்கொரு வரலாறும் உண்டு. 1939-இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 'பாலும் கொலையும்' என்று பொருள்படும் தலைப்பில் ரோட்டரி சங்கத்தார்முன் உரையாற்றினார். குழந்தைகளுக்கு ஏற்றதென்று சொல்லி இனிப்பூட்டிய டின்பாலை ஏழைத் தாய்மார்களிடம் விற்பதை அவர் கொலையென்றே அழைத்தார். 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியது. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனைக்கான பன்னாட்டு நெறியை ஏற்றது. 118 நாடுகள் ஆதரிக்க, அமெரிக்கா ஒன்றே எதிர்த்து வாக்களித்தது. இந்தியா 1992-இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றி, 2003-இல் அதனை மேலும் இறுக்கியது. இன்று பால்பொடிக்கு விளம்பரம் செய்யலாகாது. டப்பாவில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கலாகாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் இருந்தாக வேண்டும். இவை போராடிப் பெற்ற காப்புகள். இவற்றில் ஒன்றையும் தளர்த்தக் கூடாது என்பதே எம் நிலை.

ஆயினும் அந்தப் பன்னாட்டு நெறி மௌனத்தைக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பால்பொடி தேவைப்படும் தாய்க்கோ குடும்பத்தாருக்கோ, கலக்கும் முறையைச் சுகாதாரப் பணியாளர் செய்துகாட்ட வேண்டும், தவறாகப் பயன்படுத்துவதன் தீங்கையும் விளக்க வேண்டும் என்றே அது சொல்கிறது. நம் சட்டமும் டப்பாவின்மேல் கலக்கும் முறையையும், தவறாகக் கலப்பதால் வரும் கேட்டையும் அச்சிடச் சொல்கிறது. எந்த மொழியில் என்பதில்தான் சிக்கல். உணவுப் பொருள் உறைகளில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ இருந்தால் போதுமானது. வேறு மொழி வேண்டுமானால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கூடுதலாகச் செய்ய எவருக்கும் கட்டாயமில்லை. மொழியுரிமைக்காக இத்தனை போராடிய மாநிலத்தில், கடைப் பெயர்ப்பலகையைத் தமிழில் எழுதக் கோரும் நாம், குழந்தையின் வாய்க்குள் போகும் பொருளின் செய்முறையைத் தமிழில் கோரவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இது ஏன் இன்னும் கூர்மையான கேள்வியாகிறது? 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பின்னர், ஏரிப்பாசன ஊர்களாயிருந்த இப்பகுதி இந்தியாவின் பெரிய உற்பத்தித் தடங்களுள் ஒன்றாயிற்று. செல்பேசி ஆலைகள் வந்தபின் அவ்வேலைக்குப் பெரும்பாலும் இளம் பெண்களே எடுக்கப்பட்டனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் பெருவிடுதி திறக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் விடுதி என்பது தனித்த பெண்ணை மனத்தில் கொண்டு கட்டப்படுவது. அவள் மணமாகித் தாயாகும்போது இத்தொழிலுலகம் அவளை எங்கே வைக்கிறது? அதே ஆண்டு ஜூனில், ஐபோன் தயாரிப்பு வேலைக்கு மணமான பெண்களை ஃபாக்ஸ்கான் தவிர்ப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாடு இல்லையென்று மறுத்தது. ஒன்றிய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. அச்சர்ச்சையின் முடிவு எதுவாயினும், கைக்குழந்தையுள்ள தொழிலாளி என்பவளை இங்கு ஒரு தொந்தரவாகப் பார்க்கும் மனநிலை உண்டென்பதை இப்பகுதியில் வாழ்வோர் அறிவர்.

சட்டம் இல்லாமலில்லை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதலிரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பும், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகமும், நாளொன்றுக்கு நான்குமுறை தாய் அங்குச் சென்றுவரும் உரிமையும் எழுதப்பட்டன. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அவை இடம்பெற்றுள்ளன. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்ற மருத்துவ அறிவுரைக்கும் 26 வாரத்திற்கும் கணக்குப் பொருந்துகிறது. ஆனால் ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கப்படாத பெண்ணுக்கு அந்த விடுப்பு ஏட்டில்தான் இருக்கும். கீழ்வீட்டுப் பெண் மூன்றாம் மாதமே வேறோர் ஒப்பந்ததாரர் வழியாகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். காலை ஐந்தரைக்கு நிறுவனப் பேருந்தில் ஏறி மாலை நான்கரைக்குத் திரும்புகிறார். இடையிலுள்ள பதினோரு மணி நேரம் குழந்தைக்குப் பாட்டியும் டப்பாவுமே. பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளை 2015-லேயே திறந்த மாநிலம் இது. பயணம் செய்யும் தாயை நினைத்தோம். எந்திரத்தின்முன் நிற்கும் தாயை நினைத்தோமா?

அந்தப் பெண்ணிடம் தாய்ப்பாலின் மேன்மையை எடுத்துரைப்பது எளிது. அவருக்கு அது தெரியும். தெரிந்தும் முடியாதவர்முன் அறிவுரை வெறும் குற்றச்சாட்டாகிவிடுகிறது. குற்றவுணர்வு கொண்டவர் கேள்வி கேட்கமாட்டார். செவிலியர் திட்டுவாரோ என்று டப்பாவை மறைப்பார். கலக்கும் முறையை மருந்துக் கடைப் பையனிடமோ பக்கத்து வீட்டிலோ அரைகுறையாகக் கேட்டறிவார். அதன் விலையைக் கொடுப்பது குழந்தை.

ஆகவே, மருத்துவர் பால்பொடி தேவையென்று சொல்லியிருக்கும் வீட்டில் செய்ய வேண்டியதைத் தமிழில் ஒருமுறை முழுமையாக எழுதிப் பார்ப்போம். முதலில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கிண்ணம், புட்டி, காம்பு அனைத்தையும் பால்பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவி, நீரில் முழுக முக்கி மூடிபோட்டுக் கொதிக்கவிட வேண்டும். பாலுக்கான நீர் தளதளவென்று கொதித்தாக வேண்டும். இப்பகுதியில் எல்லோரும் வாங்கும் 20 லிட்டர் கேன் தண்ணீரும் கிருமியற்றதன்று; அதையும் கொதிக்கவைக்க வேண்டும். கொதித்தபின் அரைமணி நேரத்திற்குமேல் ஆறவிடலாகாது. நீர் 70 பாகைக்குக் குறையாத சூட்டில் இருந்தால்தான் பொடியிலுள்ள கிருமி சாகும். வெதுவெதுப்பான நீர் போதாது. டப்பாவில் வேறுவிதமாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

நீரை முதலில் அளந்து ஊற்றி, பிறகே பொடியைப் போட வேண்டும். பொடியைப் போட்டபின் நீரை ஊற்றி நிரப்பினால் அளவு தவறும். அந்த டப்பாவோடு வந்த கரண்டியையே பயன்படுத்த வேண்டும். அமுக்காமல் அள்ளி, சுத்தமான கத்தியின் முதுகால் தலைதட்டி, சொல்லியிருக்கும் எண்ணிக்கையில் போட வேண்டும். ஒன்று கூடவோ குறையவோ கூடாது. சர்க்கரை, தேன், மாவு எதுவும் சேர்க்கலாகாது. புட்டியை மூடி மெல்லச் சுழற்றிக் கலக்கினால் கட்டி தங்காமல் கரையும். பின்னர்ப் புட்டியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சுடக் கூடாது. கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்திற்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். விலை உறுத்தினாலும் அடுத்த வேளைக்கு வைக்கலாகாது.

புட்டிக்கு மாற்றும் நம்மிடமே உண்டு. சங்கு என்றும் பாலாடை என்றும் வழங்கும் மூக்குள்ள சிறு கிண்ணத்தைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இன்றும் காணலாம். காம்பும் கழுத்தும் இல்லாததால் ஒளிந்திருக்க அழுக்குக்கு இடமில்லை, கழுவுவது எளிது. சீர்காழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு உமையம்மை தன் பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்து ஊட்டியதாகத்தான் சம்பந்தர் கதை சொல்கிறது. கறந்து கிண்ணத்தில் புகட்டப்பட்ட தாய்ப்பாலை நம் மரபு ஞானப்பால் என்று போற்றியது. தொழிற்சாலையில் தூய்மையான ஓர் அறையும் ஒரு குளிர்பதனப் பெட்டியும் அரைமணி நேர இடைவேளையும் இருந்தால், ஷிப்டுக்குச் செல்லும் தாயும் பாலைக் கறந்து வைத்து வீட்டுக்கு எடுத்துவரலாம்; டப்பாவின் தேவையும் குறையும். இந்த ஆலைகள் ஏற்றுமதி செய்யும் பொருள்களின் மதிப்போடு பார்த்தால் இது செலவே அன்று.

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். மறைத்துக் காக்கச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோயிலின்மேல் ஏறி எல்லோர்க்கும் சொன்னவர் என்றே அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவ்வூரைச் சுற்றி விற்கப்படும் டப்பாவின் வரிகள் சிலருக்கு மட்டும் புரிவதாக இருத்தல் தகுமா? தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு பால்பொடி டப்பாவிலும் கலக்கும் முறை தமிழில் கட்டாயமாக இருக்க வேண்டும். தமிழோடும் நின்றுவிடலாகாது. இவ்வட்டாரத்து வாடகை வீடுகளில் ஒடியாவும் வங்காளமும் போஜ்புரியும் பேசும் தாய்மார் இருக்கின்றனர். கிராம சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் அவர்களுக்குத் தெரிந்த மொழியில், திட்டாமல், செய்துகாட்ட வேண்டும். காப்பகமும் பாலூட்டும் இடைவேளையும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் கிடைக்கின்றனவா என்று தொழிலாளர் துறை நேரில் சென்று பார்க்க வேண்டும்.

எங்களால் இயன்றது சிறிது. மேற்சொன்ன செய்முறையைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, தவறிருக்கலாகாதென்று குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டியபின், அடுத்த கூட்டத்தன்று கீழ்வீட்டு அம்மாளிடம் படித்துக் காட்டினோம். 'கொதிநிலையை அடைந்ததும்' என்று நாங்கள் எழுதியிருந்ததை அவர் ஏற்கவில்லை. "தளதளன்னு கொதிச்சதும்னு எழுதுங்க தம்பி, எல்லாருக்கும் புரியும்" என்றார். திருத்தினோம். தாள் இப்போது அடுப்புக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எடுத்துச்சென்று எடை பார்த்ததில், வயதுக்குரிய எடைக்குச் சற்றுக் குறைவாம். மாதந்தோறும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாள் இப்போது கரண்டியைக் குறைப்பதில்லை. அதனால் மாதத்திற்கு இரண்டு டப்பா கூடுதலாக வாங்க வேண்டியிருக்கிறது என்றும், அதற்காகத் தன் மகள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போகிறாள் என்றும் சொன்னார்.