கருவி நமது; ஆட்சி எவரது?

தூத்துக்குடியில் 1906ஆம் ஆண்டு வ.உ. சிதம்பரனார் கப்பற் குழுமம் கண்டபொழுது, முதலில் அவர்க்குக் கிடைத்தது குத்தகைக் கப்பலே. வெள்ளையர் குழுமம் நெருக்கியதும், கப்பலுக்குரியார் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். முயற்சி இருந்தது, பங்காளர் இருந்தனர், கப்பல் இல்லை! அதன் பின்னரே காலியா, இலாவோ என்னும் இரு கப்பல்களை விலைகொடுத்து வாங்கி, 1907இல் அவர் கடலில் செலுத்தினார். ஒரு பொருள் நம் கையில் இருப்பது வேறு. நம் ஆட்சியில் இருப்பது வேறு என்பதைத் தமிழர்க்கு நன்கு உணர்த்திய கடற்கரை அது.

அதே கடற்கரையில் இன்று திரேசுபுரத்து மீனவர் கையிலும் உப்பளத் தொழிலாளர் கையிலும் கைப்பேசி இருக்கின்றது. காற்றின் போக்கும் மீனின் விலையும் அதன் வழியே வருகின்றன. ஆயின், அதன் ஆட்சி எவரிடம் உள்ளது? ஆக்கிய குழுமம் சில ஆண்டுகளில் புதுப்பிப்பை நிறுத்திவிடுகின்றது. திரை உடையவில்லை, கருவி கெடவில்லை. எனினும் புதிய செயலிகள் ஏற மறுக்கின்றன, பாதுகாப்பும் குறைகின்றது. 'எறிந்துவிட்டுப் புதியது வாங்கு' என்பதே வணிகர்தம் சொல்லாத ஆணை!

இவ்வாணைக்குப் பணியத் தேவையில்லை. பெரும்பாலான கைப்பேசிகளில் இயங்கும் ஆண்டிராய்டின் அடிக்கரு, 1991இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்டுசு தொடங்கிய இலினக்சு. அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். கருவியை விற்போர் அக்கருவின் நிரலைக் கேட்போர்க்குக் கொடுத்தாக வேண்டும். இவ்வுரிமத்தைப் பற்றிக்கொண்டே உலகெங்கும் உள்ள தன்னார்வலர் கைவிடப்பட்ட கருவிகட்கு உயிரூட்டுகின்றனர். 2016இன் இறுதியில் தோன்றிய இலீனியேசு ஓ.எசு. அவர்தம் உழைப்பே. கைப்பேசி பத்தாண்டு வாழ வேண்டும் என்னும் குறிக்கோளுடன் 2017இல் எழுந்தது போசுட்டுமார்க்கெட் ஓ.எசு. 2009இல் வெளிவந்த நோக்கியா என்900 கருவிக்கும், அக்குழுமம் அதனைக் கைவிட்ட பின்னர், மேமோ இலெசுத்தே என்னும் பெயரில் பொதுமக்களே இயங்குதளம் ஆக்கினர்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. தொடக்கக்கால ஆண்டிராய்டுக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறுங் கட்டங்களாகவே தெரிந்தன. அந்நாளில் கருவியின் பூட்டைத் திறந்து, தமிழ் எழுத்துருவைத் தாமே ஏற்றிக்கொண்டோர் உண்டு. ஆண்டிராய்டின் மொழிப் பட்டியலில் தமிழ் ஏறியதோ 2014இல், ஐந்தாம் பதிப்பில்தான்! தமிழ்99 உள்ளிட்ட அமைப்புகளைக் கொண்ட கட்டற்ற 'இண்டிக்' விசைப்பலகையை ஆக்கித் தந்தது, கேரளத்தில் மலையாளத்துக்கென எழுந்த குழு. அண்டை மொழியார் தம் மொழிக்குச் செய்த பணியில் நமக்கும் பங்கு தந்தனர். நாம் பிறர்க்குத் தந்தது எவ்வளவு?

இப்பணி கண்மூடிச் செய்வதன்று. சில கருவிகளின் பூட்டு திறவாது. திறக்குங்கால் உள்ளிருப்பன அனைத்தும் அழியும்; முன்னரே படியெடுத்து வைத்தல் வேண்டும். கருவியின் சரியான வகைக்குரிய தொகுப்பையன்றி வேறொன்றை ஏற்றினால் கருவியே முடங்கலாம். வைப்பகச் செயலிகள் சில இயங்க மறுக்கும். ஆகவே, அன்றாடம் பயன்படுத்தும் கருவியில் அன்றி, பேழையில் உறங்கும் பழங்கருவியில் முதலில் பழகுதலே அறிவுடைமை.

திருப்பெரும்புதூரில் 2006இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா தொழிலகம் 2014இல் மூடப்பட்டது. கைப்பேசியைக் கோத்த கைகள் தமிழர் கைகள். அதன் உள்ளறிவோ நம்மிடம் தங்கவில்லை. கூலி போயிற்று, கலையும் கைக்கு வரவில்லை.

சிதம்பரனார் பெயர் தாங்கிய பொறியியற் கல்லூரி தூத்துக்குடியிலேயே உள்ளது. அங்கும், தமிழகத்தின் பிற கல்லூரிகளிலும் பயிலும் இளைஞர், ஆளுக்கொரு பழங்கருவியைத் திறந்து பழகட்டும். கற்றதைத் தமிழில் எழுதட்டும். மீனவர்க்கும் உழவர்க்கும் அதனைச் செய்து கொடுக்கட்டும். குத்தகைக் கப்பலில் கரை சேர்வோம் என்று காத்திருந்தவரல்லர் சிதம்பரனார்!